காலுக்கு மட்டும் சம்பளம்

மலாக்கா பட்டணத்தில் நடராஜன் முதலாளியின் ஜவுளிக்கடைக்குள் ஒரு கைலி வாங்க நுழைந்தவர் நாலு சேலையோடு படியிறங்குவார். இறங்கின பிறகுதான் இதை எதற்கு வாங்கினோம் என்று யோசிப்பார். முதலாளியின் வாய் அப்படி. "பேச்சுதான்யா என் முதல், துணியெல்லாம் அப்புறம்" என்று அவரே சொல்லிக்கொண்டு, அவரே முதலில் சிரிப்பார். அந்தக் கடையின் பின்கட்டில், வெளிச்சம் எட்டாத மூலையில், பிரித்துப் போட்ட துணிகளையெல்லாம் திரும்ப மடித்து அடுக்குகிற வேலை அப்பாசாமிக்கு.

அப்பாசாமிக்குத் திக்குவாய். பிறவியில் வந்ததல்ல. டுரியான் துங்கல் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாமி பாட்டெல்லாம் முந்திக்கொண்டு பாடின பிள்ளை. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு விடியலில், பெரட்டில், காலை ஆள்கணக்கு எடுக்கிற வரிசையில், நின்ற அவன் அப்பனை லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்பா என்று கத்த வாயைத் திறந்தான்; முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனபிறகும் வாய் திறந்தபடியே நின்றான். அப்பன் திரும்பி வரவில்லை. அன்று பிடித்த சிக்கலும் விடவில்லை.

பட்டணத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் குறையை அவன் மறைக்கவில்லை. முதலாளியும் "பரவாயில்லே, மடிக்கிறதுக்கு வாய் எதுக்கு" என்று சேர்த்துக்கொண்டார். ஆனால் நாளாக நாளாக அந்தக் குறையே கடையின் வேடிக்கையாகிப் போனது. கூட்டம் சோர்ந்து நிற்கிற நேரத்தில் முதலாளி பின்கட்டைப் பார்த்து, "டேய் அப்பாசாமி, அந்தச் சேலை என்னா கலர்?" என்பார். அவன் "ப... ப..." என்று தொடங்குவான். "பச்சையா? பழுப்பா? பஞ்சவர்ணமா? அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே சேலை சாயம் போயிரும், நீங்க வாங்கிட்டுப் போயிடுங்கம்மா!" என்பார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாங்காமல் போகமாட்டார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும்.

இதையெல்லாம் அப்பாசாமி பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு நாள்.

புக்கிட் பாருவில் இராமலிங்கம் என்று மராமத்து இலாகாவில் கூலியாட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவர் இருந்தார். அவர் மகள் கமலவேணியை அப்பாசாமிக்கு அவன் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் வேலை செய்கிற இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, துணி எடுக்கிற சாக்கில், இராமலிங்கம் மனைவி மகளோடு கடைக்கு வந்தார். கமலவேணி நீலத் தாவணி உடுத்தியிருந்தாள். பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்பாசாமி மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் முதலாளிக்கு எட்டிவிட்டது. "அடடே, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? முன்னாடியே சொல்றதில்லையா! டேய், வாடா இங்கே. மாமனாருக்கு வணக்கம் சொல்லு!"

அப்பாசாமி வந்து கைகூப்பினான். "வ... வ..."

"பாத்தீங்களா?" முதலாளி மேசையைத் தட்டினார். பிறகு கையில் தாலி இருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கோணி, கண்ணைச் செருகி, "நா... நா... நான் க... க... கட்..." என்று அவனைப்போலவே நடித்துக் காட்டினார். "இவன் கட்டுறேன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ளே முகூர்த்தம் முடிஞ்சு ராகு காலம் வந்திரும்யா!"

கடையே குலுங்கியது. மேசைப் பக்கம் வேலை செய்யும் மருதமுத்து கெஜக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்பது அப்பாசாமிக்குக் கடைசிவரை தெரியவில்லை. இராமலிங்கம் "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. தை மாதத்தில் அந்தப் பெண்ணை ரயில்வேயில் கணக்கு எழுதுகிற ஒரு கிராணிக்குக் கொடுத்தார்கள். கூறைச்சேலை நடராஜன் கடையிலேயே எடுத்தார்கள். அதை மடித்துக் கட்டிக் கொடுத்தவன் அப்பாசாமி.

அந்த வெள்ளிக்கிழமை அவன் காஜா பேராங் மாரியம்மன் கோவிலுக்குப் போனான். பெண் வேண்டும் என்று கேட்கவில்லை. நாக்கைச் சரிசெய்து கொடு என்றுகூடக் கேட்கவில்லை. கற்பூரம் அணைகிறவரை நின்று, மனசுக்குள், அங்கே அவனுக்குத் திக்காது, ஒன்றே ஒன்று கேட்டான். "தாயே, அந்த மனுசன் நாலு பேர் முன்னாடி வாயடைச்சு நிக்கணும். நான் அதைப் பாக்கணும். என் கையாலயே நடக்கணும்." சாமியிடம் கேட்கத் தகாத வரம்தான். ஆனாலும் மனசில் உள்ளதை மறைத்துவிட்டு வேறு எதையோ கேட்பதைவிட, உள்ளதைக் கேட்பதே மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

அம்மன் வழி திறந்தது முதலாளியின் வாய் வழியாகவே.

காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கிறார்கள். நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், பெயரும் நம் பெயர்தான். பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கட்டுவது சாரோங், மேலே போடுவது கெபாயாச் சட்டை. கல்யாணம், பூசை என்று வந்தால் நல்ல துணியாகப் பார்த்து, கட்டுக்கட்டாக எடுப்பார்கள். ஆனால் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்கு வருவது அருமை. துணிக்கட்டைச் சைக்கிளில் வைத்து வீட்டுக்கே அனுப்பலாம் என்று முதலாளி யோசித்தார். யாரை அனுப்புவது?

"அப்பாசாமியை அனுப்புங்க மொதலாளி" என்றான் மருதமுத்து. "அங்கே யாருக்கும் தமிழ் வராது. இவனுக்கும் வராது. நல்ல பொருத்தம்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கட்டு சைக்கிளில் ஏறிவிட்டது.

முதல் நாள் முதல் வீட்டிலேயே தப்பு செய்தான். வாசலில் நின்றபடி கட்டைப் பிரித்து, துணியை உதறிக் காட்டினான். கடையில் முதலாளி செய்வதைத்தானே அவன் பார்த்திருக்கிறான். அந்த வீட்டுக்காரி, தெய்வானை என்ற நாற்பது வயது விதவை, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மலாயில் கேட்டாள்: "அலாமா! நீ விக்க வந்தியா, சண்டைக்கு வந்தியா? உள்ளே வா, உக்காரு, வெத்தலை போடு. உன் அம்மா யாரு, எந்தத் தோட்டம், சொல்லு. அப்புறம்தான் துணிலா."

அவளைப் பீபிக் என்று கூப்பிட வேண்டும் என்பது தெரியும். கொஞ்சம் வயதான அம்மாள்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அப்பாசாமி உட்கார்ந்தான். அவள் தெப்பாக் என்கிற பித்தளை வெற்றிலைப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். அவன் பாசாரில், சந்தைக் கூட்டத்தில், காதால் பொறுக்கின மலாயில் பதில் சொல்லத் தொடங்கினான். அம்மா செத்துவிட்டாள், அப்பா சயாமுக்குப் போனார், தோட்டம் டுரியான் துங்கல். சொல்லி முடித்துவிட்டுத் திடுக்கிட்டான். எங்கேயும் சிக்கவில்லை.

அது எப்படி என்று அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே யோசித்தான். கடைசியில் பிடிபட்டது. தமிழில் வாயைத் திறந்தால், திறப்பதற்கு முன்னாலேயே அந்த லாரித் தூசியும், இப்போது அதற்கு மேல் முதலாளியின் கோணல் முகமும் கண்ணுக்கு முன் வந்து நிற்கின்றன. மலாயில் அவனை இன்றுவரை ஒருவரும் கேலி செய்ததில்லை. அந்த மொழிக்குள் நடராஜனுக்கு இடமே இல்லை.

அன்றிலிருந்து ஒரு வெறியோடு கற்றான். சைக்கிள் மிதிக்கும்போது துணிகளின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு போவான். எதிரே வருகிறவர்கள் பைத்தியம் என்று ஒதுங்குவார்கள். முதலாளி எப்படி விற்கிறார் என்று பின்கட்டிலிருந்து கூர்ந்து கவனித்தான், பகையாளியின் வீட்டை நோட்டம் பார்ப்பதுபோல. ஒன்று தெரிந்தது. முதலாளி யாரையும் பேசவிடுவதில்லை. கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். வாங்கினவர்கள் பாதிப்பேர் வாங்கினபிறகு வருத்தப்படுவது அதனால்தான். அப்பாசாமி அதற்கு நேர்மாறாகப் போனான். "எந்த வீட்டுக் கல்யாணம் பீபிக்?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருப்பான். அவர்கள் பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள், சம்பந்தியைப் பற்றிப் புலம்புவார்கள், போன வருசம் நடராஜன் கடையில் தலையில் கட்டின பச்சைத் துணியைக் காட்டித் திட்டுவார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் வாய் தானாக ஓய்கிற நேரத்தில் கட்டைப் பிரிப்பான். மேலே இருக்கிற துணியே அவர்கள் நினைத்ததாக இருக்கும். துக்க வீட்டில் பூப்போட்ட துணியை வெளியிலேயே எடுக்கமாட்டான். அந்த வீட்டில் துணி விற்காமலே எழுந்து வந்த நாளும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகள் அடுத்த தடவை அவனைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

தெய்வானை பீபிக் ஒருநாள் கேட்டாள்: "இவ்வளவு நல்லாப் பேசறே. உன் தவுக்கே, அந்த முதலாளி, உன்னை ஏன் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கான்?"

அப்பாசாமி எல்லாவற்றையும் சொன்னான். கமலவேணியின் நீலத் தாவணி வரைக்கும்.

அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். "நான் உன் இடத்துல இருந்தா, அவன் சோத்துல உப்பு அள்ளிக் கொட்டியிருப்பேன்."

"உப்பு போதாது பீபிக்" என்றான் அப்பாசாமி.

இப்படியே ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது. மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடியும் தோரணமும். கொடியோடு கொடியாக நடராஜன் முதலாளி ஒரு பெரிய திட்டத்தை ஏற்றினார். காஜா பேராங்கிலிருந்து இவ்வளவு வியாபாரம் வருகிறதென்றால், சைக்கிள் எதற்கு? பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்து, மேல்மாடி முழுக்க செட்டிப் பெண்களுக்கென்றே சாரோங்கும் கெபாயாத் துணியும் நிரப்பினார். இருந்ததையெல்லாம் அதில் இறக்கினார். ஆவணி வளர்பிறையில் திறப்பு விழா. முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் காஜா பேராங் குடும்பங்களுக்கு. அவர்களை அழைக்கத் தங்க எழுத்தில் அட்டை அச்சடித்தார்.

"வீட்டுக்கு ஒண்ணு" என்று அட்டைக் கட்டை அப்பாசாமியிடம் கொடுத்தார். "குடுத்துட்டு வந்துகிட்டே இரு. அங்கே உக்காந்து ஊர்க்கதை பேசாதே."

அட்டை கையில் கனத்தது. அந்தத் தெருவில் நல்ல காரியத்துக்குக் காகிதத்தில் அழைக்கும் வழக்கம் இல்லை. வெற்றிலைத் தட்டோடு ஆள் வர வேண்டும். உள்ளே உட்கார வேண்டும். வாயால் கூப்பிட வேண்டும். வீட்டில் மூத்தவர் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தால்தான் வருகிறேன் என்று அர்த்தம். வெற்றிலை இல்லாமல் வாசலில் காகிதத்தை நீட்டினால், ஊருக்காக நீட்டுகிறேன், நீ வராதே என்று சொன்ன மாதிரி.

பகை ஒரு பக்கம் இருந்தாலும் தின்ற சோறு ஒரு பக்கம் இருக்கிறதே. அப்பாசாமி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். "மு... மு... முதலாளி, அ... அங்கே..."

"மு மு மு!" முதலாளி தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அன்று கடையில் நல்ல கூட்டம். "என்னடா, மாடு மாதிரி முக்கறே? திறப்பு விழா முடிஞ்சு தீபாவளி வந்திரும் போலிருக்கே!" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு விரலை நீட்டி, சிரிக்காமல் சொன்னார்: "இதோ பாரு. உன் வாய்க்கு நான் சம்பளம் குடுக்கலே. காலுக்குத்தான் குடுக்கறேன். நட."

அப்பாசாமி வாயை மூடிக்கொண்டான். மூடும்போது அவனுக்குள் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போட்டதுபோல் விழுந்தது. சரி, கால்தானே. நடக்கிறேன்.

வீடு வீடாகப் போனான். எந்த வீட்டிலும் படியேறவில்லை. வாசலில் நின்று அட்டையை நீட்டினான், திரும்பினான். உள்ளே வா என்றவர்களுக்குத் தலையை அசைத்தான். தெய்வானை பீபிக் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா இது, யாரு செத்தா?"

"கடை தி... திறக்கறாங்க" என்றான். அன்றைக்கு மலாய்கூடக் கொஞ்சம் சிக்கியது.

"வெத்தலை எங்கே?"

"குடுக்கலே."

"வாய் எங்கே போச்சு? வாயால கூப்பிட மாட்டியா?"

"எனக்குப் பேச உத்தரவு இல்லை பீபிக்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையை விசிறியாக்கி விசிறிக்கொண்டே உள்ளே போனாள். "உப்பு போதாதுன்னு சொன்னப்போ நான் நம்பலே தம்பி" என்றாள், திரும்பாமலே.

திறப்பு விழா அன்று நாதஸ்வரம் வாசித்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். சிராப் தண்ணி, சிவப்புச் சர்பத்து, கண்ணாடித் தம்ளர்களில் வரிசையாக நின்றது. பின்வரிசையில் கடைத்தெரு வியாபாரிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாழ்த்துவதற்கு வந்தவர்கள் பாதி, மேல்மாடியில் எவ்வளவு சரக்கு என்று நோட்டம் பார்க்க வந்தவர்கள் பாதி. முன்வரிசையில் ஒரு ஈ இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார். மனப்பாடம் செய்த பேச்சு வாயில் தானாக வந்துவிட்டது: "பெருந்திரளாக வந்து முன்வரிசையை அலங்கரித்திருக்கும் காஜா பேராங் பெருமக்களே..."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வரிசை முழுக்க.

தூணோரம் நின்றிருந்த அப்பாசாமிக்கு அந்தச் சிரிப்பு சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. ஆனால் வேண்டுதல் இன்னும் தீரவில்லை. முதலாளி வாயடைத்து நிற்கவில்லையே. பேசிக்கொண்டேதான் இருந்தார். போக்குவரத்து என்றார், மழை வரும்போல் இருக்கிறது என்றார்.

மறுநாள் கேட்டார்: "வீடு வீடா குடுத்தியாடா?"

அப்பாசாமி தலையாட்டினான்.

"அப்புறம் ஏன்டா வரலே?"

அப்பாசாமி தன் காலைக் காட்டினான். கால் தன் வேலையைச் செய்தது என்பதுபோல. முதலாளிக்குப் புரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அவன் வேலையை விட்டு நின்றான்.

தெய்வானை பீபிக் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தாள். அலமாரி போட்டான். சைக்கிளில் போய் சிங்கப்பூர்ச் சரக்கு இறக்குகிறவர்களிடம், அவர்களோடும் மலாய்தான், பேசிப் பேசித் தவணைக்குத் துணி வாங்கினான். பித்தளைத் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, எந்த வாசல்களில் ஏறாமல் திரும்பினானோ அந்த வாசல்களிலெல்லாம் ஏறினான். உட்கார்ந்தான். கூப்பிட்டான். எல்லா வீட்டிலும் வெற்றிலை எடுத்தார்கள். கடைசியாக ஒரு இடம் பாக்கி இருந்தது.

ஐப்பசி மாதம், தீபாவளிக் கூட்டம். நடராஜன் கடைக்குள் கால்வைக்க இடமில்லை. முதலாளி மேசைக்குப் பின்னால் நின்று, வழக்கம்போலக் கேள்வியும் அவரே பதிலும் அவரேயாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பாசாமி வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். வெற்றிலை, பாக்கு, சந்தனம், பூ. கூட்டம் தானாக வழிவிட்டது. மங்கலத் தட்டோடு வந்தவனை யார் தடுப்பது? முதலாளியும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

அப்பாசாமி தட்டைக் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மலாயில் சொல்லியிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பான். முதலாளிக்கும் மலாய் தெரியும். அவன் தமிழில் சொன்னான்.

"மு... மு... மு..."

யாரோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி, தட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முன்பெல்லாம் இந்த இடத்தில் அப்பாசாமி கண்ணை மூடுவான், தலையைக் குனிவான், சொல்லை விட்டுவிடுவான். இன்று நிமிர்ந்து முதலாளியின் கண்ணையே பார்த்தான். எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று நின்றான். மருதமுத்துவின் கையில் கெஜக்கோல் அப்படியே நின்றது. முதலாளியின் கைகள் நீட்டியபடியே இருந்தன. வெற்றிலைக்கு நீட்டின கையை இழுத்துக்கொள்ள முடியாதே.

"மு... முதலாளி. அங்கே கா... காகிதத்தில் கூப்பிட்டா வ... வரமாட்டாங்க. வெ... வெத்தலை வேணும். அ... அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லத்தான் வா... வாயெடுத்தேன். கா... காலுக்குத்தான் ச... சம்பளம்னீங்க."

அப்பாசாமி தன் காலை ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

"கா... காலால செஞ்சேன்."

முதலாளியின் வாய் திறந்தது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தது. அந்த முகம் கோணிக்கொண்டு, சொல் கிடைக்காமல் தவித்து, அச்சு அசலாக அவர் நடித்துக் காட்டுகிற அந்த முகமாகவே ஆகிவிட்டது. நடிக்காமல்.

அப்பாசாமி அதை நன்றாகப் பார்த்தான். அவசரப்படவில்லை. தாயே, பார்த்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

"வெ... வெள்ளிக்கிழமை என் கடை தி... திறக்கறேன். கு... குடும்பத்தோட வரணும்" என்று முடித்து, தட்டை நீட்டினான். இவ்வளவு பேர் பார்க்க, முதலாளி வெற்றிலையை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. எடுத்தார்.

வெள்ளிக்கிழமை தெய்வானை பீபிக்கின் முன்னறையும் வாசலும் தெருவும் நிரம்பி வழிந்தன. மாரியம்மனுக்குச் சிதறுகாய் உடைத்தபிறகு கடையைத் திறந்தார்கள். முன்வரிசையில் நட்ட நடுவே, மாலை போட்ட நாற்காலி ஒன்றை அப்பாசாமி காலியாக வைத்திருந்தான். உட்காரப் போன கிழவர்களைக்கூட அன்பாகக் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினான்.

"இது யாருக்கு?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். மலாயில் கேட்டவர்களுக்கும் அவன் தமிழிலேயே, ஒரு சொல்லையும் விடாமல், நின்று நிதானமாகச் சொன்னான்.

"எ... என் முதலாளிக்கு. வெ... வெத்தலை எடுத்திருக்காரு. வ... வந்துகிட்டே இருக்காரு."

பொழுது சாயும்வரை அந்த நாற்காலியை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை.